எல்லைக்கோட்டில் நிற்கிற லாரி

பக்கத்து நாடுகளைப் பசுமைப் போக்குவரத்தால் இணைக்கப்போகிறோம் என்று எங்கே மாநாடு நடந்தாலும் முதலில் ஒரு வரைபடம் போடுவார்கள். தலைநகரிலிருந்து தலைநகருக்கு ஒரு கோடு. அந்தக் கோடு எல்லையைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

2015-இல் திம்புவில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும், ஒரு நாட்டு வண்டி இன்னொரு நாட்டுக்குள் ஓட வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பூடான் நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. அந்தச் சின்ன நாட்டுக்குள் வெளிநாட்டு லாரிகள் குவிந்தால் காற்று என்னாகும் என்று அங்கே கவலைப்பட்டார்கள். நியாயமான கவலைதான். மேற்கு வங்கத்தில் வங்கதேச எல்லையிலுள்ள பெட்ராபோலில் நம் லாரி எல்லை தாண்டிப் போய்ச் சரக்கை இறக்க, அதை வங்கதேச லாரியில் மறுபடி ஏற்றுகிறார்கள். வரிசையில் நிற்கிற நேரத்துக்கும் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்ற பால்டிக் நாடுகளுக்கும் இதே தலைவலி. அங்கே தண்டவாள அகலம் ரஷ்ய அளவான 1520 மி.மீ.; பக்கத்துப் போலந்தில் 1435. அதனால் தாலின், ரிகா, கௌனாஸ் வழியாகப் போலந்து எல்லை வரை சுமார் 870 கி.மீ.க்கு 1435 அகலத்தில் ‘ரயில் பால்டிகா’ என்று புதுப் பாதையே போடுகிறார்கள். செலவு எகிறிவிட்டது, வேலையும் இழுக்கிறது. ஆனாலும் எது இடிக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே கை வைத்திருக்கிறார்கள்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருவோம். இங்கே நாடு கூட மாற வேண்டாம், மாநிலம் மாறினாலே போதும். 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் கூப்பிடு தூரம். பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது கம்பியில் 750 வோல்ட்டில் ஓடுகிறது; சென்னை மெட்ரோவுக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். ஓசூர் தமிழ்நாட்டுப் பக்கம் என்பதால், அங்கே நீட்டும் பேச்சில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்த மின்சாரக் கணக்கே முட்டுக்கட்டையாக வந்து நின்றது. தினமும் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் பஸ் மாறி வேலைக்கு ஓடுகிறவர்களிடம் போய் வோல்ட்டேஜ் விளக்கம் சொல்லிப் பாருங்கள்!

கிருஷ்ணகிரி நிலைமை இன்னும் விசேஷம். காஷ்மீர்–கன்னியாகுமரி சாலையும் பெங்களூரு–சென்னை சாலையும் சந்திக்கிற ஊர். மாவட்டத் தலைநகர். ரயில் நிலையம் கிடையாது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து சின்னப் பாதையில் ரயில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

மாங்காய் சீசனில் இங்கே வந்து பாருங்கள். கூழ் ஃபேக்டரி வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் ரோடு வரைக்கும் நிற்கும். உள்ளே காய் கூழாகி, பையில் அடைபட்டு, ட்ரம்மில் ஏறும். அந்த ட்ரம் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலில் போகிற சரக்கு. ஆனால் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர லாரியை விட்டால் வேறு வழியில்லை. ஒரு டன் சரக்குக்கு ரயிலில் ஆகும் எரிபொருள் லாரியைவிடப் பல மடங்கு குறைவு என்பது ஊரறிந்த விஷயம். இத்தனைக்கும் ஜோலார்பேட்டையில் பெரிய ஜங்ஷனே இருக்கிறது.

ஆகவே எட்டு வழிச் சாலை, பறக்கும் சாலை என்று யார் வாக்குறுதி கொடுத்தாலும் எனக்கு ஆர்வமில்லை. ஜோலார்பேட்டை–கிருஷ்ணகிரி–ஓசூர் ரயில் பாதையை எத்தனை தேர்தலுக்குத்தான் ‘சர்வே’யிலேயே வைத்திருப்பீர்கள்? அதைப் போடுங்கள். போடும்போது கூழ் ஃபேக்டரிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு யார்டும் சேர்த்துப் போடுங்கள். பயணிகள் ரயிலுக்கு மட்டும் கொடி அசைத்துவிட்டுப் போனால் ட்ரம் மறுபடியும் லாரியில்தான் ஏறும்.