புஜங்காசனம் 7 நாளில் ஜவ்வு விலகலைச் சரியாக்காது

நடவு முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நேரம் பார்த்து, தஞ்சை, திருவாரூர் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "7 நாள் புஜங்காசனம் செய்தால் முதுகு ஜவ்வு விலகல் சரியாகிவிடும். வலித்தால்தான் பலன். மாத்திரையை நிறுத்துங்கள்."

இது தவறு. புஜங்காசனம் நல்ல ஆசனம்தான். குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும்போது, நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட முதுகு எதிர்ப்பக்கம் வளைகிறது. பலருக்கு விறைப்பு குறையும், சரி. ஆனால் 7 நாள் கணக்குக்கு எந்த ஆதாரமும் இல்லை. வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். முதுகைப் பின்னால் வளைப்பதே சிலருக்கு வலியைக் கூட்டும்.

ஆயுஷ் அமைச்சகத்தின் பொது யோகா நெறிமுறை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பாருங்கள். குடலிறக்கம், வயிற்றுப்புண் உள்ளவர்கள் புஜங்காசனம் செய்யக் கூடாது. வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் 2, 3 மாதம் தவிர்க்க வேண்டும் என்கிறது அது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம்.

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையை நிறுத்துவது டாக்டர் சொன்ன பிறகுதான்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் சொல்லிவிடுங்கள்.