வேப்பிலைத் தண்ணியும் எங்கட வெட்கமும்

என்ர தம்பியின்ர மனுசி மூன்று மாதமாகப் பெண்ணுறுப்பை வேப்பிலை அவிச்ச தண்ணியில கழுவிக்கொண்டிருந்தா. இடையில மஞ்சள், பிறகு உப்புத்தண்ணி. கேட்டால், "உடம்புச் சூடு மச்சாள், வெந்தயம் ஊறப்போட்டுக் குடிச்சா நிண்டிடும்" எண்டா. நிற்கவில்லை. கடிச்சு, எரிஞ்சு, தயிர்க்கட்டி மாதிரி வெள்ளைபட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால், இரத்தத்தில் சீனி எக்கச்சக்கம். தனக்குச் சீனி வருத்தம் இருக்கெண்டு அவவுக்கு அதுவரை தெரியாது.

இது பங்கசுத் தொற்று. கன்டிடா என்ற பங்கசு பல பெண்களின் உடம்பில் சத்தமில்லாமல் இருப்பதுதான். பெண்ணுறுப்புக்குள் இருக்கும் நல்ல கிருமிகள் அங்கே ஒரு புளிப்புத் தன்மையை வைத்திருக்கும். அதுதான் காவல். சீனி கூடினாலோ, கர்ப்பத்திலோ, அன்டிபயோட்டிக் குடித்த பிறகோ பங்கசு பெருகும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற அமொக்சிசிலினை எடுத்துப் போடுகிறவர்கள் நெருப்புக்கு எண்ணெய் ஊத்துகிறார்கள்.

நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருதடவையாவது வரும். கலியாணம் கட்டாத பிள்ளைக்கும் வரும். அம்மாமார் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை வாய் திறந்து சொன்னால் சந்தேகமாகப் பார்க்காதேங்கோ.

நான் கைமருந்துக்கு எதிரி இல்லை. இருமலுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடித்து வளர்ந்தவள்தான். சட்டித் தயிர் சாப்பிடுங்கோ, நல்லது. ஆனால் அதை உள்ளே பூசாதேங்கோ. உள்ளி வைக்கச் சொல்லி யூரியூப்பில் சொல்லுகிறார்கள், அது தோலைப் பொசுக்கும். டெற்றோல் போட்டுக் கழுவினால் காவலுக்கு நிற்கிற நல்ல கிருமியும் செத்துப்போகும். வேப்பிலைத் தண்ணியும் உள்ளே போகத் தேவையில்லை. வெளியே வெறும் தண்ணி காணும்.

எங்கட ஊரில் உண்மையான கைமருந்து துணிக்கொடியில் இருக்கு. மாரியில் முழங்கால் தண்ணிக்குள் நின்று களை பிடுங்கிவிட்டு, ஈரச் சட்டையோடையே அடுப்படிக்குப் போகிறோம். உள்ளாடையை ஆரும் பார்த்துவிடுவினம் எண்டு சீலைக்குக் கீழே, நிழலில், அரை ஈரமாகக் காயப்போடுகிறோம். அதையே பிறகு போடுகிறோம். நைலோனை விட்டுவிட்டுப் பருத்தி உடுத்துங்கோ, வெயிலில் நல்லாக் காயப்போடுங்கோ, வயலால் வந்ததும் மாத்துங்கோ.

வந்துவிட்டால் மருந்து இருக்கு. குளோட்ரிமசோல் உள்ளே வைக்கிற குளிசை, 500 மில்லிகிராம் என்றால் ஒரு இரவு போதும். புளுகொனசோல் 150 மில்லிகிராம் ஒருதடவை குடிக்கிறது, ஆனால் கர்ப்பிணிகள் அதைக் குடிக்கக்கூடாது. முதல்தடவை எண்டால் காட்டாமல் வாங்காதேங்கோ. மீன் நாற்றம், பச்சை மஞ்சள் நிறம், அடிவயிற்று நோ, காய்ச்சல் இருந்தால் அது வேறு வருத்தம், வேறு மருந்து. திரும்பத் திரும்ப வந்தால் சீனி பாருங்கோ.

டொக்டர் ஆம்பிளை எண்டு கூச்சமாக இருந்தால் உங்கட பகுதி குடும்பநல மாதுவிடம் முதலில் சொல்லுங்கோ. பிள்ளைக்கு நிறை பார்க்க வருகிறவதானே, வீட்டுப் படலையில் வைத்தே கேட்கலாம். பெண்களைப் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக் எந்த நாள் எண்டும் அவவே சொல்லுவா. காசு இல்லை.

மச்சாளுக்குக் கடி ஒரு கிழமையில் நின்றது. சீனிக்கு இப்ப மாதாமாதம் கிளினிக் போகிறா. இதை எழுதச் சொன்னதே அவதான்.