எரியும் துறவியின் படத்தில் விடுபட்டது

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு ஒரு படம் வந்தது. சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு துறவி, உடல் முழுக்கத் தீ. கீழே மஞ்சள் எழுத்தில் "தியானத்தின் சக்தி! எரியும்போதும் அசையாத மனம்!" என்று போட்டிருந்தது. வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அவர் பெயர் திக் குவாங் டுக். 1963 ஜூன் 11 அன்று தெற்கு வியட்நாமின் சைகோனில், ஒரு நாற்சந்தியில் தீக்குளித்தார். தியானத்தின் மகிமையை நிரூபிக்க அல்ல. கத்தோலிக்கரான அதிபர் ஜியெமின் ஆட்சி பௌத்தர்களை ஒதுக்கி நடத்தியது. அந்த மே மாதம் ஹுவே நகரில், பழைய ஆணை ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, புத்தர் பிறந்தநாளுக்குப் பௌத்தக் கொடி ஏற்றக் கூடாது என்றார்கள். சில நாள் முன்புதான் அதே ஊரில், அதிபரின் அண்ணனான பேராயருக்காக வத்திக்கான் கொடிகள் பறந்திருந்தன. மே 8 இரவு வானொலி நிலையத்தின் முன் நியாயம் கேட்டுக் கூடிய கூட்டத்தில் ஒன்பது பேர் செத்தார்கள். அரசு பழியைக் கம்யூனிஸ்ட்டுகள்மேல் போட்டது.

துறவிகள் முந்தின நாளே வெளிநாட்டு நிருபர்களுக்குத் தகவல் சொல்லியிருந்தார்கள். பலர் பொருட்படுத்தவில்லை, ஏபி செய்தி நிறுவனத்தின் மால்கம் பிரவுன் போனார், படம் எடுத்தார். மத சமத்துவம் வேண்டும் என்று அதிபருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுத்தான் குவாங் டுக் அந்தச் சாலையில் உட்கார்ந்தார். கேட்பதற்கு இருந்த எல்லா வழியும் அடைபட்ட பிறகு, உடம்பால் கேட்டார். அறுபது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை உருவிவிட்டு, அசையாத உடம்பை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். அமெரிக்கப் போரை எதிர்த்து எரிந்தவர் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அமெரிக்கத் தரைப்படை அங்கே போரிட இறங்கியதே 1965-இல்தான்.

என் கோபம் ஒரு படத்தோடு நிற்கவில்லை. எந்தப் புதுமனை புகுவிழாவுக்குப் போனாலும் ஹாலில் ஒரு புத்தர் தலை இருக்கிறது. என் உறவினர் வீட்டில் அது செருப்பு அலமாரியின்மேல் இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை; பக்கத்தில் சின்ன மோட்டார் வைத்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "பார்த்தாலே மனசு லேசாகிறது, எதையும் கேட்காத சாமி" என்றார் அத்தை. கிட்டத்தட்ட எல்லோர் மனத்திலும் இருக்கும் பௌத்தம் இதுதான்: எதையும் கேட்காதது. சாஞ்சி ஸ்தூபியின் பழைய சிற்பிகளோ புத்தருக்கு முகமே செதுக்கவில்லை. பாதச்சுவடும் போதிமரமும் காலி ஆசனமும் போதும் என்று விட்டார்கள். (கடைகளில் தொப்பையோடு சிரிப்பவர் புத்தரே அல்ல, புதாய் என்ற சீனத் துறவி.)

என்னோடு வேலை செய்யும் நாக்பூர்ப் பெண் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தான் பௌத்தர் என்றாள். "திபெத்தா?", "தினமும் தியானம் உண்டா?", "முட்டைகூடத் தொடமாட்டீர்களே?" என்று கேள்விகள் வந்து விழுந்தன. அவள் டிபன் பாக்ஸில் இருந்தது மட்டன் குழம்பு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 84 லட்சம் பௌத்தர்கள்; அவர்களில் 65 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மகாராஷ்டிரத்துக்காரர்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு சாதியை உதறிவிட்டுப் பௌத்தத்துக்கு வந்த குடும்பங்களின் வழி வந்தவர்களே பெரும்பாலோர். அவள் பாட்டி வெள்ளிக் கொலுசை விற்று, வெள்ளைப் புடவை வாங்கி உடுத்திக்கொண்டு அன்று அங்கே போனாராம். இணையத்தில் "பௌத்தர்" என்று படம் தேடினால் பனிமலையும் காவித்துணியும் வருகின்றன. அந்தப் பாட்டி வருவதில்லை. 1898-இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதும் மன அமைதிக்காக அல்ல, சாதிக்கு எதிராகத்தான் என்பதை நாமே மறந்துவிட்டோமே!

இந்தச் சாந்தப் படத்தால் இன்னொரு கேடும் உண்டு. மியான்மரில் விராத்து என்ற துறவி முஸ்லிம்களுக்கு எதிராக வெறுப்பைக் கக்கியபோது, "பௌத்தத் துறவியா இப்படி?" என்று உலகம் வாய்பிளந்தது. ஈழத்தமிழர்களுக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? இலங்கையில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்துக்குத் தோள் கொடுத்த பிக்குகளை அவர்கள் 1956-லேயே பார்த்துவிட்டார்கள். பௌத்தர்களும் மனிதர்கள், அடிபடுகிறார்கள், அடிக்கவும் செய்கிறார்கள். பொம்மையாக்கி வைத்தால் இரண்டுமே நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அன்று இரவு அந்தப் படத்தின் கீழே வியட்நாம் பௌத்தர்களின் ஐந்து கோரிக்கைகளை எழுதிப் போட்டேன். கொடித் தடையை நீக்க வேண்டும். கத்தோலிக்கருக்கு உள்ள உரிமை பௌத்தர்களுக்கும் வேண்டும். கைதுகளை நிறுத்த வேண்டும். மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் விட வேண்டும். ஹுவேயில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தந்து, கொன்றவர்களைத் தண்டிக்க வேண்டும்.

வெகுநேரம் பதில் இல்லை. பிறகு மூன்றாவது மாடி அக்கா மட்டும் கேட்டார்: "செத்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்களா?"

இருந்தார்கள் அக்கா.