கிடைக்கு ஆடு வேண்டும், அது மேய இடம்?

பங்குனி பிறந்துவிட்டால் அப்பாவுக்கு ஒரே கவலைதான்: ஆட்டு மந்தையை ராத்திரி வயலில் அடைத்துப் படுக்கவைக்கும் கிடைக்காரர் இந்த வருஷம் எப்போது வருவார்? மானூர்ப் பக்கம் எங்கள் வயல். பிசான நெல் அறுப்பு முடிந்த தரிசில் நாலு ராத்திரி செம்மறிக் கிடை போட்டால் மண்ணே வேறு நிறமாகிவிடும். புழுக்கையைவிட மூத்திரம்தான் பெரிசு என்பார் அப்பா. சாணியை வண்டியில் அள்ளி வரலாம், மூத்திரத்தை எப்படி அள்ளுவது? ஆடே வந்து படுத்தால்தான் உண்டு.

போன வாரம் கிடையில் வலை கட்டும் நேரம். இருநூறு ஆட்டுக்கு மேல் இருக்கும். கிடைக்காரப் பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சுட்டியக் காணலல்லா” என்றார்.

“எண்ணிப் பாத்தீங்களா தாத்தா?”

“எண்ணவா செய்யணும் எய்யா? எல்லாத்துக்கும் மொகம் இருக்குல்லா.”

டார்ச்சோடு போனோம். ஓடைக்கரையில் உடைமரத்தடியில் சுட்டி ஆடு ஈன்று நின்றது. தலைச்சன் ஈத்து. குட்டி மடிக்கு வந்தால் உதைக்கிறது. பெரியவர் அதன் பாலையே கொஞ்சம் பீய்ச்சிக் குட்டியின் வாலடியில் தடவினார். ஆடு மோந்தது, மறுபடி மோந்தது, அப்புறம் நக்க ஆரம்பித்தது. அதுவரை அவர் எழுந்திருக்கவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான், கிடை எடுத்த மறுநாளே குளத்துப் புறம்போக்கில் நிற்காதே என்று நம் ஊர்க்காரர்களே விரட்டுகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையும் சோலாரும் வந்து தரிசெல்லாம் கம்பிவேலியாகிக்கொண்டிருக்கிறது. மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் எல்லாக் காட்டிலும் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று அதைச் சுருக்கியது. புலிக்கு இடம் வேண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம், காலத்துக்குக் காலம் இடம்மாறி மேய்ப்பதையும் உரிமையாகத்தான் சொல்கிறது. அதை இவர்களிடம் யார் உட்கார்ந்து சொன்னார்கள்?

கொட்டகையில் வளர்க்கலாமே என்கிறார்கள். சரி, கொட்டகை ஆடு நம் வயலுக்கு நடந்து வந்து படுக்குமா? செவ்வாடும் கன்னி ஆடும் கொடி ஆடும் இந்த வெயிலில், கிடைத்ததைக் கடித்து, நடந்தே தேறிய இனங்கள்.

2026ஐ ஐ.நா. மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர், இப்போது அது யார் கையில் இருக்கிறது என்று அளந்து சொல்லக் கேட்டு மே 1 கிராம சபையில் மனு கொடுக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள்.