திருவிழாவுக்கு வா என்கிறார்கள், திரும்பிப் போக வண்டி எங்கே?

ஜப்பானில் கோடை பிறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையங்களின் சுவர்களில் இடமே மிஞ்சாது. காகித விளக்குகள், யுகாதா என்னும் கோடைக்கால உடை உடுத்து வரிசையாக ஆடும் பெண்கள், ஆற்றுக்கு மேலே விரியும் வாணங்கள் என்று எங்கு பார்த்தாலும் போஸ்டர்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மலையூர் நம்மை அழைக்கும். அவற்றைக் கண்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அழைக்கிற ஊரின்மீது எனக்குக் கோபமில்லை. அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸையும் ரயிலையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, மறுபக்கம் "கிராமங்களுக்குப் போங்கள், பருவ விழாக்களைப் பாருங்கள்" என்று கூவுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன கோடையில் வடகிழக்குப் பகுதியில் ஒரு மலையூருக்குப் போயிருந்தேன். முன்னோர்கள் வீடு திரும்புவதாக நம்பப்படும் ஓபோன் நாட்கள் அவை. ஊர்கூடி வட்டமாக ஆடும் ஆட்டத்துக்கு இரவு ஏழு மணிக்கு மேளம் தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். ரயிலிலிருந்து இறங்கி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். துருப்பிடித்த ஒரு கம்பம், அதன் தலையில் வட்டமான தகடு, அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் கோத்த ஒரு காகிதம். இடப்பக்கம் வார நாட்கள்: காலையில் இரண்டு, பகலில் ஒன்று, மாலை ஐந்தரைக்கு ஒன்று. வலப்பக்கம் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள். அந்தப் பக்கத்தில் ஓர் எண்கூட இல்லை, மேலிருந்து கீழ்வரை வெற்றுக் கட்டங்கள். அன்று சனிக்கிழமை.

பக்கத்து பெஞ்சில், காய்கறி தள்ளிக்கொண்டு போகும் சிறு வண்டியைப் பிடித்தபடி ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் காகிதத்தையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை ஆஸ்பத்திரி கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. அதனால் பஸ்ஸும் கிடையாது" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்து அழைத்துப்போவார் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். அதைச் சொன்னபோது அவர் குரலில் துளிக் கோபம் இல்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், வாழ்நாளெல்லாம் வரி கட்டிய ஒருவர், அடுத்த வீட்டுக்காரரின் தயவில்தான் தபால் நிலையத்துக்குப் போய்வர வேண்டும் என்பதை மழை வெயிலைப் போல ஏற்றுக்கொண்டுவிட்டார். அவர் கோபப்படாததால்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

டாக்சி பிடித்து ஊருக்குள் போய்விட்டேன். திரும்புவதுதான் பெரும்பாடு. அங்கே இருப்பது ஒரே ஒரு டாக்சி நிறுவனம். எட்டு மணிக்குப் பிறகு ஓட்டுநர் இல்லை என்று முன்கூட்டியே கைவிரித்துவிட்டார்கள். கடைசி ரயிலும் அதை ஒட்டித்தான் கிளம்புகிறது. இருந்த விடுதிகளில் ஊர் திரும்பிய சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எனவே, பெரியவர்கள் மெல்ல வட்டத்துக்குள் இறங்கி, பாட்டு நிதானத்துக்கு வந்து, ஆட்டம் உண்மையிலேயே தொடங்குகிற நேரத்தில் நான் எழுந்து ஓட வேண்டியிருந்தது. என்னோடு ரயிலேறியவர்களில் பாதிப் பேர் யுகாதாவில் இருந்த பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை, பக்கத்து ஊர்க்காரர்கள். தங்கள் வட்டாரத்துத் திருவிழாவை அவர்களாலேயே கடைசிவரை இருந்து பார்க்க முடியவில்லை.

ஓட்டுநர் பற்றாக்குறை என்கிறார்கள். அது உண்மைதான். 2024 ஏப்ரலிலிருந்து ஓட்டுநர்களின் கூடுதல் வேலை நேரத்துக்கு ஆண்டுக்கு 960 மணி என்று வரம்பு வந்தது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் கட்டாய ஓய்வு எட்டு மணியிலிருந்து ஒன்பது மணியாக உயர்ந்தது. நான் அதை முழுமனதாக வரவேற்கிறேன். தூக்கக் கலக்கத்தோடு மலைப்பாதையில் பஸ் ஓட்டும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் அந்தச் சட்டம் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்த விதி அது. அதுவரை ஓட்டுநரின் சம்பளத்தை உயர்த்தாமல், இளைஞர்களை அந்த வேலைக்கு ஈர்க்காமல் இருந்துவிட்டு, இப்போது ஆள் இல்லை என்று கையைப் பிசைந்தால் என்ன அர்த்தம்? 2023 டிசம்பரில் ஒசாகா மாகாணத்திலேயே ஒரு பஸ் நிறுவனம் தன் எல்லாத் தடங்களையும் நிறுத்திவிட்டுக் கடையைக் கட்டியது. பெருநகரத்தின் ஓரத்திலேயே இந்த நிலை என்றால் மலைக்குள் இருப்பவர்களை யார் கேட்பார்கள்?

இதில் மிகக் கொடுமையானது முதியவர்களை இரண்டு பக்கமும் நெருக்குவது. 2019இல் தோக்கியோவின் இகெபுகுரோவில் ஒரு முதியவர் ஓட்டிய கார் ஒரு தாயையும் குழந்தையையும் பலிகொண்டபின், வயதானவர்களே, ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நாடு முழுவதும் குரல் எழுந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் திருப்பிக் கொடுத்தார்கள். சரியான காரியம்தான். ஆனால் கொடுத்துவிட்டு அவர்கள் எதில் போவார்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா? காரை விடு என்கிற வாய்க்கு, பஸ் விடுகிற பொறுப்பும் உண்டு.

ரயிலின் கதை இன்னும் வயிற்றெரிச்சல். 1987இல் தேசிய ரயில்வேயை ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் உடைத்தார்கள். தோக்கியோவும் ஷிங்கான்சென் அதிவேக ரயிலும் கிடைத்தவர்கள் கொழித்தார்கள். பனியும் மலையும் கிடைத்த வடக்குத் தீவின் ஹொக்கைடோ நிறுவனம் அன்றிலிருந்து மூச்சுத் திணறுகிறது. அங்கே 2015இல் கடல் அலை அரித்த ஹிதாகா பாதையைச் சீர்செய்யவே இல்லை. முகாவாவுக்கும் சாமானிக்கும் இடையே 2021இல் ஒரேயடியாக மூடினார்கள். ஃபுரானோவிலிருந்து ஷிந்தோகுவுக்குப் போன பாதை 2024இல் போனது. முக்கியத் தீவான ஹோன்ஷுவில் ஷிமானே, ஹிரோஷிமா மாகாணங்களை ஆற்றோரமாக இணைத்த சான்கோ பாதை, 108 கிலோமீட்டர், 1975இல்தான் முழுமையடைந்தது. 2018 மார்ச் 31 அன்று அதில் கடைசி வண்டி ஓடியது. மூடப்போகிறார்கள் என்றதும் நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கேமராவோடு வந்து குவிந்தார்கள். இருக்கும்போது சோறு போடாதவன் செத்தபிறகு திவசம் செய்தானாம்!

இப்போது கெய்பி பாதையின் முறை. ஒகாயாமா, ஹிரோஷிமா மலைகளுக்குள் ஓடுகிறது. அதில் தோஜோவுக்கும் பிங்கோ-ஒச்சியாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் 100 யென் வருமானம் ஈட்ட 25,000 யெனுக்கும் மேல் செலவானது என்று கணக்குக் காட்டினார்கள். அதைப் படித்தவர்களெல்லாம் மூடிவிடலாமே என்றார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அதே மலையைக் குடைந்து நெடுஞ்சாலை போட்டபோது அது எத்தனை யென் லாபம் தந்தது என்று எவராவது கேட்டார்களா? சாலைக்குப் பராமரிப்புச் செலவு என்று பெயர். ரயிலுக்கு மட்டும் நஷ்டம் என்று பெயர். ஒரு நாளைக்கு மூன்று வண்டி மட்டும் விட்டு, ஷிங்கான்சென்னோடு நேரமும் பொருந்தாமல் வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று ஆளைக் குற்றம் சொல்கிறார்கள். வண்டியைக் குறைத்தது யார்?

பணம் இல்லை என்பவர்கள் 2013இலிருந்து ஒருவர் பின் ஒருவராக ஆடம்பரச் சுற்றுலா ரயில்கள் விட்டிருக்கிறார்கள். கியூஷுவில் ஒன்று, 2017இல் கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. ஓர் இரவுப் பயணத்துக்கு லட்சக்கணக்கில் யென். பெரிய கண்ணாடி வழியாக மலையூரைப் பார்த்துக்கொண்டே விருந்து சாப்பிடலாம். அந்த ஊர்க்காரருக்கு அந்த வண்டியில் இடமில்லை. சாதாரண மக்களுக்கென்று இருந்ததையும் விட்டுவைக்கவில்லை. செய்ஷுன் 18 என்றொரு மலிவு டிக்கெட் உண்டு. பள்ளி விடுமுறைக் காலங்களில் நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களில் ஏறிச் சுற்றலாம். முன்பெல்லாம் விருப்பப்பட்ட ஐந்து நாட்களில் பயன்படுத்த முடிந்தது, நண்பர்களோடு பங்கும் போட்டுக்கொள்ள முடிந்தது. அதை வைத்துத்தான் மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் யாருக்கும் தெரியாத நிலையங்களில் இறங்கி, சிறு ஊர்த் திருவிழாக்களில் கலந்துகொண்டார்கள். 2024 குளிர்காலத்தில் அதைத் தொடர்ச்சியான நாட்களுக்கு மட்டும், ஒருவருக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். இந்த வாரம் ஒரு விழா, அடுத்த வாரம் இன்னொரு விழா என்று போய்வந்தவர்களின் கால்களை ஒரே வெட்டில் வெட்டிய மாற்றம் அது.

2024இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். 2030க்குள் ஆறு கோடியாக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. கியோத்தோவில் கூட்டம் தாங்கவில்லை, கிராமங்களுக்குப் பிரிந்து போகட்டும் என்பது அடுத்த திட்டம். பிரிந்து போவதற்கு எதில் போவது? வண்டி இல்லாவிட்டால் எல்லோரும் வாடகைக் கார்களில், பனிக்காலத்தில் ஓட்டிப் பழக்கமில்லாமல், பேர்பெற்ற ஒரே இடத்தில் போய்த்தான் குவிவார்கள். யமகாதாவில் கின்சான் வெந்நீர் ஊற்று கிராமம் அப்படித்தான் திணறியது. பனி விழும் மாலையில் விளக்கொளியைப் படம் பிடிக்க வந்த கார்கள் குறுகிய பாதையில் சிக்கிக்கொண்டன. கடைசியில் 2024-25 குளிர்காலத்தில் அங்கே தங்காதவர்களின் வருகைக்கு வரம்பு போட வேண்டியதாயிற்று.

முடியாத காரியம் என்று மட்டும் எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம். தொயாமாவில் யட்சுவோ ஊரின் காற்றுத் திருவிழா செப்டம்பர் 1 முதல் 3 வரை நடக்கிறது. முகத்தை மறைக்கும் வைக்கோல் தொப்பியோடு, கோக்யூ வாத்தியத்தின் இழைவுக்கு நள்ளிரவு நெருங்க ஆடுவார்கள். அதற்குக் கூடுதல் ரயில்கள் விடுகிறார்களே! கிஃபுவில் குஜோ ஹச்சிமானில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடியும்வரை ஆடுவார்கள். கடைசி ரயிலைப் பற்றிய கவலையே இல்லை, காலை வண்டியில் போய்க்கொள்ளலாம். மரக் காலணி தேய ஆடிவிட்டு, வந்தவரும் ஊர்க்காரரும் ஒரே வட்டத்தில் நிற்பார்கள். 2011 ஜூலையில் பெருவெள்ளம் அடித்துச் சென்ற ததாமி பாதையை, பாதையின் உடைமையை ஃபுகுஷிமா மாகாணமே ஏற்றுக்கொண்டு 2022 அக்டோபர் 1 அன்று மறுபடி திறந்தார்கள். பதினோரு ஆண்டுகள் விடாமல் நின்றார்கள். மீட்ட பகுதியில் இன்னும் நாளுக்கு மூன்று முறைதான் வண்டி போய்வருகிறது. போதாது. ஆனாலும் ஓடுகிறது.

அகிதாவின் நிஷிமோனாய் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. சிலர் கறுப்புத் துணியால் முகம் மூடி, சிலர் பாட்டிமார் காலத்துப் பட்டுத் துண்டுகளை ஒட்டுத் தைத்த உடையில், நெருப்பு வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் 2022இல் சேர்ந்த ஆட்டங்களில் அதுவும் ஒன்று. ஒரு காலத்தில் யுசாவாவிலிருந்து அந்த ஊருக்கே சிறு ரயில் போய்க்கொண்டிருந்தது. 1973இல் அது நின்றுவிட்டது. உலகப் பட்டியலில் இடம் பிடிக்க முடிகிற ஆட்டத்துக்கு ஒரு ரயிலைத் தக்கவைக்க முடியவில்லை.

இவாத்தேயில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த சோமின்சாய் விழாவை 2024 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள். நடத்த ஆளில்லை, இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. பஸ் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிக்கப் போன பிள்ளை வார இறுதியில் வீட்டுக்கு வந்துபோக வண்டியில்லாத ஊரில், அந்தப் பிள்ளை மேளம் அடிக்க எப்போது கற்றுக்கொள்ளும்?

ஊராட்சிகளுக்கும் சுற்றுலாத் துறைகளுக்கும் நான் கேட்பது மிகச் சிறிது. விழாச் செலவுக் கணக்கில் மேடை, ஒலிபெருக்கி, வாணம் என்று எழுதும்போதே, ஆட்டம் முடிந்தபின் நிலையத்துக்குப் போகும் பஸ் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ரயில் நிறுவனத்திடம் பேசி அன்று ஒரு வண்டியை மட்டும் இரண்டு மணி நேரம் தாமதமாக விடச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கு அந்த இரவுக்கு இரட்டைச் சம்பளம் கொடுங்கள், மறுநாள் விடுப்பும் கொடுங்கள். டிக்கெட் விலையை இரண்டு மடங்காக்கினாலும் சரி, வெளியூரிலிருந்து வருகிற நாங்கள் கொடுக்கிறோம். உள்ளூர் முதியவர்களிடமும் பிள்ளைகளிடமும் ஒரு யென்கூட வாங்காதீர்கள்.