லெவன்ட் சுரங்கத்தில் எந்திரம் மட்டும்தானா?

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள லெவன்ட் சுரங்கத்தைப் பற்றிய கட்டுரையில், 1840-ஆம் ஆண்டின் நீராவி எந்திரத்துக்கு இத்தனை பத்திகள் ஒதுக்கிவிட்டு, 1919 விபத்தை ஒரே வரியில் கடந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அங்கே முதலில் செம்பும் பிறகு வெள்ளீயமும் எடுத்தார்கள், ஆர்செனிக்கும் கிடைத்தது. சுரங்கப் பாதைகள் கடலுக்கு அடியில் ஒரு மைலுக்கு மேல் நீண்டன. அவ்வளவு ஆழத்துக்கு ஏணியில் ஏறி இறங்கினால் உடல் தாங்காது. அதனால் ஆட்களை ஏற்றி இறக்கத் தனிப் பொறி ஒன்று வைத்தார்கள். படிகள் பொருத்திய நீண்ட மரத்தண்டு மேலும் கீழுமாக அசையும். தொழிலாளி அதில் ஒரு வீச்சு ஏறி, பக்கத்து மேடையில் ஒதுங்கி நின்று, அடுத்த வீச்சுக்கு மீண்டும் தண்டில் கால் வைக்க வேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து மேலே வந்துகொண்டிருந்தபோது உச்சியில் இருந்த இரும்பு இணைப்பு முறிந்து, தண்டு ஆட்களோடு சரிந்தது. 31 பேர் இறந்தார்கள். அந்தப் பொறியை மீண்டும் அமைக்கவில்லை. அடி மட்டங்களைக் கைவிட்டார்கள். 1930-இல் சுரங்கமே மூடப்பட்டது.

கார்ன்வால்காரர்கள் கோலார் தங்கவயலிலும் வேலை பார்த்தவர்கள். அங்கே அவர்களின் கீழ் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆகவே இது நமக்கு அந்நியமான கதை அல்ல.

லெவன்டுக்குப் போகிறவர்கள் எந்திரத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், சுழல்படியில் இறங்கி, சுரங்க வழியாக அந்த மரத்தண்டு இயங்கிய குழியின் வாய்வரை சென்று பாருங்கள்.