பூஜ்யத்துக்கு ஒரு கேக்

'எங்களிடம் ஒரு பெரிய தப்புகூட நடக்கவில்லை' என்று ஒரு ஆஸ்பத்திரி வெட்டிய அந்த கேக் போட்டோவை இதுவரை ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். வெள்ளை க்ரீம், நடுவில் சிவப்பில் பெரிய பூஜ்யம், அதன் கீழே 'சென்டினல் ஈவன்ட்ஸ்', சுற்றிலும் டை கட்டிய நிர்வாகம், கத்தியைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒரு சின்னப்பெண் சிஸ்டர். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். எதை எண்ணி அந்தப் பூஜ்யம் வந்தது?

சென்டினல் ஈவன்ட் என்றால், வந்த நோயால் இல்லாமல் நாம் செய்ததாலோ செய்யத் தவறியதாலோ நோயாளி இறந்துபோவது அல்லது ஆயுசுக்கும் பாதிக்கப்படுவது. இடது காலுக்குப் பதில் வலது காலைத் திறப்பது, வயிற்றுக்குள் பஞ்சை விட்டுத் தைப்பது, குரூப் மாற்றி ரத்தம் ஏற்றுவது. இப்படிச் சொன்னால் எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் வார்டில் தினம் நடப்பது இவ்வளவு பளிச்சென்று நடக்காது. ஒரு தாத்தா ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்துவிடுகிறார். அவர் மருமகள் கன்னடத்தில் "பித்துபிட்ரு சிஸ்டர்" என்று ஓடி வருகிறாள். கூட இருக்கும் மலையாளி சிஸ்டர் "வீணு" என்கிறாள். நான் "ஐயோ விழுந்துட்டாரே" என்கிறேன். ஆனால் கேஸ் ஷீட்டில் என்ன ஏறும் தெரியுமா? 'பேஷன்ட் ஃபவுண்ட் ஆன் ஃப்ளோர்.' மூன்று மொழியிலும் விழுந்த மனிதர் ஆங்கிலத்தில் மட்டும் தரையில் கண்டெடுக்கப்படுகிறார்.

பதினான்கு வருடத்தில் இந்த ஊரில் நர்ஸாக மூன்று ஆஸ்பத்திரி பார்த்தவள் நான். முதல் இடத்தில் யார் விழுந்தாலும் இன்சிடன்ட் ஃபார்ம் போட வேண்டும், அடிபடாவிட்டாலும். இரண்டாவது இடத்தில் எலும்பு முறிந்தால் மட்டும். மூன்றாவது இடத்தில் அதற்கும் முன்னால், "வீட்டிலேயே முறிந்திருந்ததா, பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி வரும். இந்த மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யோக்கியமாக எழுதிய முதல் ஆஸ்பத்திரிதான் மோசமானதாகத் தெரியும். மூன்றாவதுக்குக் கேக்.

அதனால்தான் தொண்டை கிழியக் கத்துகிறேன்: எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே பட்டியல், ஒரே விளக்கம், ஒரே படிவம். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அமெரிக்காவில் மருத்துவத் தரத்தைக் கவனிக்கும் நேஷனல் குவாலிட்டி ஃபோரம் என்ற அமைப்பு, ஆஸ்பத்திரியில் நடக்கவே கூடாத 27 சம்பவங்களை 2002-லேயே பட்டியல் போட்டது, 2011-ல் அது 29 ஆனது. ஆஸ்பத்திரிக்குள் விழுந்து பலத்த அடிபடுவதும் அதில் உண்டு. மினசோட்டா மாநிலம் 2003-ல் அந்தப் பட்டியலைச் சட்டமாக்கி, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை என்று பெயர் போட்டே வருடா வருடம் வெளியிடுகிறது. உலகமே வரிசையில் நிற்கும் மேயோ கிளினிக் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது, அதன் கணக்கும் அதில் வருகிறது. அங்கே வரிசை குறைந்துவிட்டதா?

"அமெரிக்கக் கதை நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று ஒரு அண்ணன் கமெண்டில் வருவார், எப்போதும் வருவார். அண்ணா, மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்தால் அதற்கு நாடு முழுக்க ஒரே படிவம் 2010-லிருந்து இருக்கிறது. நீங்களே 1800-180-3024-க்கு அழைத்துச் சொல்லலாம், எல்லாம் காஜியாபாத்தில் இருக்கும் மருந்துக் கண்காணிப்பு மையத்துக்குப் போய்ச் சேர்கிறது. மாத்திரை செய்த தப்பைச் சொல்ல வழி இருக்கிறது. மனுஷன் செய்த தப்புக்குத்தான் ஆளுக்கொரு படிவம். ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரம் வாங்கிய இடங்கள் சென்டினல் ஈவன்ட்களை ஆராய வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த அங்கீகாரமே விருப்பம் இருந்தால் வாங்குவது, அந்தக் கணக்கும் குவாலிட்டி டிபார்ட்மென்ட் பீரோவைத் தாண்டி நோயாளி கண்ணில் படுவதில்லை. 2018-ல் மத்திய அரசு நோயாளி பாதுகாப்புக்கென்று 2025 வரைக்குமான ஒரு திட்டம் வெளியிட்டது. சந்தோஷம். எந்த வார்டிலும் அப்படி ஒரு பொதுப் படிவம் என் கைக்கு வந்ததில்லை.

"சின்ன நர்சிங் ஹோமுக்கு இவ்வளவு பேப்பர் வேலை முடியுமா?" பில்லில் ஒரு ஜோடி கிளவுஸைக்கூட விடாமல் எழுத முடிகிறதே, இது முடியாதா? அடுத்து.

"வெளியே சொன்னால் ஜனங்கள் அடிக்க வருவார்கள்." இதற்கு மட்டும் எனக்குச் சட்டென்று பதில் இல்லை. ஆஸ்பத்திரி ஊழியர்களை அடிப்பதற்கு எதிராகக் கர்நாடகத்தில் 2009-லிருந்தே சட்டம் இருக்கிறது, இருந்தும் கேஷுவாலிட்டியில் முதலில் கிடைக்கும் கன்னம் டூட்டி டாக்டருடையதோ எங்களுடையதோதான். நானும் ஒரு தடவை வாங்கியிருக்கிறேன். அதற்காகத்தான் சொல்கிறேன், படிவத்தில் சிஸ்டர் பெயர் வேண்டாம், எப்படி நடந்தது என்பது போதும். பெயர் கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நைட் டூட்டி. விடியற்காலை நாலு மணி, முப்பது பேஷன்டுக்கு நாங்கள் இரண்டே பேர். ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைக்கத் தண்ணீர் ஆம்பூல் எடுத்து, கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்துவிட்டேன். காலி ஆம்பூலைப் போடும்போதுதான் லேபிள் கண்ணில் பட்டது. பொட்டாசியம் குளோரைடு. அதே அளவு, அதே உயரம், ட்ரேயில் பக்கத்துப் பக்கத்துக் குழி. நீர்க்காமல் நேராக நரம்பில் போயிருந்தால் இதயம் நின்றிருக்கும். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் காலையில் ஹேண்ட்ஓவர் முடிந்ததும் நானாக உட்கார்ந்து ஃபார்ம் எழுதினேன், ட்ரேயில் இரண்டையும் பிரித்து வையுங்கள் என்றும் எழுதினேன். மறுநாள் வந்தது மெமோ. 'கவனக்குறைவுக்கு விளக்கம் தரவும்.' ட்ரே அப்படியே இருந்தது, பல மாதம். ஃபார்மில் 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில் 'ஸ்டாஃப் கவுன்சல்டு', அதாவது ஊழியருக்குப் புத்தி சொல்லியாயிற்று, என்று எழுதி மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த வருடம் எங்கள் வார்டிலிருந்து ஒரு ஃபார்ம்கூடப் போகவில்லை. குவாலிட்டி வீக்கில் எங்களுக்குத்தான் பெஸ்ட் வார்டு ஷீல்டு. கேக் இல்லை, சமோசா.

"வேலையை விட்டுவிட்ட வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள்" என்று ஒரு பழைய டாக்டர் சார் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஆமாம் சார், எரிகிறது. நீங்கள் ரவுண்ட்ஸில் அலர்ஜி பார்க்காமல் எழுதிய மருந்தைப் போடாமல் நிறுத்தி வைத்து, உங்களுக்கு போன் செய்து, "எனக்கே சொல்லித் தர்றியா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். அதற்கு எந்த ஃபார்மும் இல்லை. உங்களுக்கு மெமோவும் இல்லை. வேண்டாம், இதை எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது.

நேற்று ராத்திரி கத்தி பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணே போன் செய்தாள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண், என்னிடம்தான் ஐ.வி. போடப் பழகினாள். அந்த கேக் போட்டோவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளே ஆரம்பித்தாள். "அக்கா, நீங்க எழுதுங்க. என்னை மட்டும் டேக் பண்ணிடாதீங்க."